மன்னிக்கு ஒரு தனித்தொடர்

"13-2-1962, செவ்வாய். மன்னி 3.10 பஸ். திரும்பியது 5.25. வலது கை ஆள்காட்டி விரலில் கறுப்பு மை. கைக்குட்டையில் கிளி இன்னும் பாதிதான். காரணம்?"

என் பழைய குறிப்பேட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், மறுக்க முடியாது. பி.யு.சி.யில் கோட்டைவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டின் மாடி ஜன்னலோரம் ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவரையெல்லாம் தேதி, கிழமை, மணியோடு எழுதி வைப்பேன். (அந்த அக்கறையில் பாதியைக் கணக்கில் காட்டியிருந்தால் பாஸாகியிருப்பேன் என்பது அண்ணாவின் கருத்து.)

மன்னி என்றால் அண்ணாவின் மனைவி வைதேகி. அண்ணாவுக்கு விழுப்புரத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். செவ்வாயும் வியாழனும் மன்னி, அடுத்த வீதி மாமியிடம் துணியில் பூவேலை கற்கப் போவதாக அம்மாவிடம் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புவாள். பிறகு மலைக்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுவாள். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதினேனே தவிர, சேர்த்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மூளை.

அப்போது நானும் பாலக்கரை அருளும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தோம். அருள் தன் மாமாவின் கடையில் போர்டு எழுதுகிறவன். படம் அவன் பொறுப்பு, கதை என் பொறுப்பு. இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான். அட்டைக்குள் பதினொரு வீடுகளின் பட்டியல் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு இரண்டு நாள். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுவோம், வாசகர்கள் கருத்து எழுத.

அதில் வந்த படக்கதையின் நாயகன் இரும்புச் சிறகன். கொள்ளிடத்துக்கு மேலே பறந்து திருடர்களைப் பிடிப்பவன். அவன் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவனுடைய மன்னி மைதிலி. அவன் வானத்தில் சண்டை போடும்போதெல்லாம் அவள் மாமியாரிடம், "குளிச்சிண்டிருக்கான்மா" என்பாள். ஓர் இதழில் மூன்று மணி நேரம் குளித்தான். (வைதேகியை மைதிலி ஆக்கிவிட்டால் ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்கும் புரியாது என்று நான் மனதார நம்பினேன்.)

கருத்துப் பக்கங்களில் சிறகனைச் சீண்ட ஆளில்லை. "பறந்தது போதும், மைதிலி அடுத்து என்ன பொய் சொல்வாள்?" என்று ஐந்து வீடுகள் கேட்டிருந்தன.

"டேய் ரங்கு, சிறகனுக்கு லீவு விட்டுடுவோம். ரெக்கை வரைஞ்சே என் விரல் போச்சு. அந்தம்மாவுக்குத் தனியா ஒரு தொடர் போடு. ஆனா நிஜமா இருக்கணும்டா, சும்மா அளக்காதே" என்றான் அருள்.

நிஜத்துக்கு எங்கே போவது? குறிப்பேட்டைத் திறந்தேன். செவ்வாயும் வியாழனும் அதிலிருந்து வந்தன. 3.10 பஸ் வந்தது. பாதிக் கிளி போட்ட கைக்குட்டை, எதிரிகளை ஏமாற்றும் வேஷமாக வந்தது. விரலில் மை இருப்பதால் எங்கோ ஓர் இயந்திரம் இருக்க வேண்டும் என்று நானே துப்பறிந்து, தெப்பக்குளம் அருகே ஒரு மாடியில் டக்டக்கென்று ரகசியச் செய்தி அடிக்கும் இயந்திரத்தின் முன்னால் மைதிலியை உட்கார வைத்தேன். என் கற்பனை வளத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு வீடு சுற்றி, எட்டாவதாக எங்கள் வீட்டுக்கு இதழ் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓடிப்போய் மன்னியிடம் நீட்டினேன்.

"படிச்சுப் பாருங்கோ மன்னி. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும்."

ஆச்சரியமாகத்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் மன்னியின் முகம் வெளுத்தது.

"ரங்கு, உனக்கு யார் சொன்னா?"

"என்னத்தை?"

"நான் டைப்ரைட்டிங் கத்துக்கறதை."

நான் அவள் கையிலிருந்த இயந்திரப் படத்தை எட்டிப் பார்த்தேன்.

"உங்கண்ணாவுக்குத் தெரியும். லோயர் பாஸ் பண்ணிட்டு அம்மாகிட்டச் சொல்லலாம்னு இருந்தோம். பரீட்சைக்குப் பதினாறு நாள்தான் இருக்கு. இப்போ தெரிஞ்சா அனுப்புவாளா?"

அனுப்பமாட்டாள். எதிர்வீட்டுப் பெண் ஆபீசுக்குப் போனபோது, "நம்மாத்துல இதெல்லாம் நடக்காது" என்று அம்மா சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்திருந்தவன் நான்தானே.

"ஏண்டா, பத்திரிகை வந்துடுத்தாமே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஓர் இதழைக்கூட அம்மா விட்டதில்லை.

நான் சமையலறைக்குள் பாய்ந்து ஒரு பிடி சாதத்தை எடுத்து, இயந்திரம் இருந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒட்டினேன். அவசரத்தில் நாலு பருக்கை வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "பக்கம் ஒட்டிண்டிருக்கே."

"அது... அச்சுப் பிழைம்மா."

"கையால எழுதினதுல அச்சுப் பிழையா?"

அம்மா ரசம் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் பக்கத்தைக் காட்டி, தோசைத் திருப்பியின் நுனியால் மெல்ல மெல்லப் பிரித்தாள். நான் ஒட்டாமல் இருந்திருந்தால் புரட்டிக்கொண்டு போயிருப்பாள். ஒட்டியதால் ஒரு வரி விடாமல் படித்தாள். படித்துவிட்டு இதழைத் தன் கோலப் புத்தகத்தோடு சேர்த்து வைத்தாள். அன்று மன்னி வெளியே போகவில்லை. புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லாததை மூன்று பேருமே சொல்லவில்லை.

வியாழன் மத்தியானம் இதழை ஒன்பதாவது வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர்கள் வாசலில் நின்று, பயந்துகொண்டே கருத்துப் பக்கத்தைத் திறந்தேன். கோலப் புத்தகத்தில் புள்ளி வைக்கும் பென்சிலால் எழுதியிருந்தது:

"மைதிலி 3.10 பஸ்ஸுக்கு இப்படி ஓட வேண்டாம். 2.50க்கு ஒன்று இருக்கிறது. அதில் உட்கார இடம் கிடைக்கும். கைக்குட்டையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போகவும். கிளியை அவள் முடித்து வைப்பாள்."

இதழைக் கொடுக்காமலே வீட்டுக்கு ஓடினேன். மன்னி கூடத்துத் தூணருகே நின்று அதைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, நிமிராமல், "மணி ரெண்டரை ஆறதுடி" என்றாள்.

மன்னி பரீட்சையில் பாஸானாள். அதே வருஷம் நான் மறுபடி கணக்கில் கோட்டைவிட்டேன். கிளியின் மறுபாதி கொஞ்சம் வேறு பச்சை, மூக்கும் பெரிது. மன்னி வேலைக்குப் போன முதல் நாள் அதைத்தான் எடுத்துப் போனாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பரபரப்பாகக் கிளம்பினால், பேரக்குழந்தைகள் உட்பட எல்லோரும், "ரெண்டு அம்பது இருக்கு, உட்கார இடம் கிடைக்கும்!" என்று கத்துவார்கள். நான் வாயைத் திறந்தால், "இவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே, தொடர் போட்டுடுவார்" என்பாள் மன்னி.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அம்மா தனியாகப் பஸ் ஏறியதே இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2.50 பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த மாதங்களின் குறிப்பேட்டை முழுக்கப் புரட்டிவிட்டேன். அந்த வியாழன் தவிர எல்லா நாளிலும் "2.00–4.00 அம்மா தூக்கம்" என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது அவள் அறையின் சாத்திய கதவை மட்டுமே; கொல்லை வாசல் என் ஜன்னலுக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பதிவு, இன்றுவரை, சரிபார்க்கப்படாதது.