இழுவை பாய் மரியாதை கொடுத்தால்

காரைக்காலில் கோபப்படத் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள்தான். மற்றவர்களெல்லாம் சும்மா சத்தம் போடுகிறவர்கள். சந்தேகம் இருந்தால் தருமபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து இழுவை பாய் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "இன்னைக்கு எப்படி இருக்காரு?" என்று நாலு பேர் கூடிப் பேசி, நிலவரம் பார்த்த பிறகுதான் வழி சொல்வார்கள்.

அவருக்கு ஆதார் அட்டையில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடும் கூரியர்காரர்கள் பார்சலோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் இழுவை வண்டி ஓட்டியவர். நடுவழியில் நின்றது, மணலில் புதைந்தது, கவிழ்ந்து கிடந்தது, எதுவானாலும் கொக்கியை மாட்டி இழுத்து வருவதுதான் வேலை. ஊருக்குத் திரும்பி வந்தபோது பெட்டியில் அத்தரும் பாதாமும் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தார். ஸ்பானர்கள் இருந்தன.

பாயின் கோபத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. மனது நன்றாக இருந்தால் எல்லாரையும் 'டா' போட்டுத்தான் பேசுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'வாங்க' என்றால் எச்சரிக்கை. 'சொல்லுங்க' என்றால் ஆபத்து. 'உக்காருங்க' என்றால் உட்காரவே கூடாது, ஓடிவிட வேண்டும். ஒருமுறை குழாய் போடப் பள்ளம் தோண்டி, மூடாமல் போன ஒப்பந்தக்காரர் ஒருவர் சிக்கினார். "ஐயா, நீங்க பெரிய மனுசங்க. உங்க பள்ளத்தோட ஆழம் எவ்வளவுன்னு கொஞ்சம் எறங்கி நின்னு காட்டுங்க" என்றார் பாய். அவரும் இறங்கினார். பள்ளத்தை மூட ஆள் வரும்வரை ஏற விடவில்லை.

இப்படிப்பட்ட மனிதருடைய ஒரே மகளின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கார் நெடுங்காட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. காரைக்காலில் அப்போது இழுவை வண்டியே கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒன்றை வரச் சொன்னார்கள். அது வந்தது. எல்லை வரைக்கும் வந்தது. எங்கள் எல்லையைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் மதுக்கடை போர்டு தெரிந்தால் காரைக்கால். அந்த போர்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு டிரைவர் போனில் சொன்னார்:

"பாய், எனக்கு உள்ள வர பெர்மிட் இல்ல. நீங்க காரைத் தள்ளிக்கிட்டு இங்க வந்துருங்க, நான் இழுக்குறேன்."

"நாங்களே தள்ளிக்கிட்டு வந்துட்டா, அப்புறம் நீங்க எதுக்குங்க?" என்றார் பாய். 'ங்க' வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

கடைசியில் மாப்பிள்ளை நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரில்தான் வந்து இறங்கினார். ஷெர்வானி முழுக்கத் தூசி. நிக்காஹ் முடியும்வரை தும்மிக்கொண்டே இருந்தார். "சம்மதமா?" என்று கேட்டதற்கு ஒரு தும்மல்தான் முதலில் பதிலாக வந்தது. பாய் அன்றைக்கே சபதம் போட்டார். இந்த ஊருக்கென்று ஓர் இழுவை வண்டி நிற்க வேண்டும். நின்ற வண்டியை இழுக்க எவன் தயவும் தேவைப்படக் கூடாது.

அடுத்த மாதம் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து வண்டி வந்தது. வண்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கதவு ஒன்று இல்லை. இன்ஜினுக்குள் குருவிக் கூடு இருந்தது. பின்னால் தூக்கும் கை மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சரியாகப் பக்கத்து வீடான என் வீட்டு கேட்டுக்கு நேராக வந்தபோது கயிறு அறுந்தது. அங்கேயே நின்றது. நான்கு வருடம் நின்றது.

என் எரிச்சலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வண்டி வந்ததற்கு முந்தின வாரம்தான் நான் புதுக் கார் வாங்கியிருந்தேன். கார் உள்ளே, அது வெளியே. நான்கு வருடமாக என் காருக்கு வாரம் ஒரு குளியல் உண்டு, ஒரு அடிகூட ஓட்டம் கிடையாது. மத்தியானம் கண்ணை மூடினால் டிங்கரிங் சுத்தியல் தலைக்குள் இறங்கும். நடுநடுவே பாய் இன்ஜினோடு பேசும் சத்தம் கேட்கும். "இருபத்திரண்டு வருசம் பாலைவனத்துல என்னென்ன வண்டியெல்லாம் பாத்தவன் நான். எனக்கே டிமிக்கி குடுக்குறீங்களா? குடுங்க, குடுங்க."

கம்பி வடம் சுற்றும் வின்ச்சில் பல்சக்கரம் உடைந்திருந்தது. எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் கருக்களாச்சேரி போய், உடைக்கப் போட்டிருந்த விசைப்படகிலிருந்து வலை இழுக்கும் வின்ச்சையே கழற்றி வந்து மாட்டினார். அன்றிலிருந்து வண்டியில் மீன் வாடை. தருமபுரத்துப் பூனைகள் மொத்தமும் என் வாசலில் குடியேறின. என்னைக் கண்டால் அவை நகர்வதுகூட இல்லை.

பூனைகள்தான் என்னைக் கெடுத்தன. ஒரு நாள் கோபத்தில் உட்கார்ந்து நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். 'எங்கள் தெருவில் நிற்பது வண்டி அல்ல, வண்டியின் சமாதி' என்று ஆரம்பித்தேன். பத்திரிகையில் எழுதுகிறவன் அல்லவா, கை சும்மா இருக்குமா? இரண்டு பக்கம் வெளுத்து வாங்கினேன். கீழே 'இப்படிக்கு, பொதுமக்கள்' என்று போட்டேன். அந்தப் பொதுமக்கள் நான் ஒருவன்தான்.

என் எழுத்துக்கு அதுவரை யாரும் அசைந்ததில்லை. இதற்கு மட்டும் உடனே அசைந்தார்கள். பதினைந்து நாளுக்குள் வண்டி சொந்தமாக ஓடிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் எடுத்துப் போய் உடைத்துவிடுவோம் என்று நோட்டீஸ் வந்தது. அதையும் மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு பாய் நேராக என் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, நீங்க எழுதுறவங்க. இதுல என்ன போட்டுருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். என் வாக்கியங்களை நானே அவர் முன்னால் உரக்கப் படித்தேன். சமாதி வந்த இடத்தில் இருமினேன்.

"தண்ணி குடிங்க. நல்ல தமிழ், இல்லீங்களா?" என்றார்.

என்ன இருந்தாலும் பெரிய மனிதர், ஆபத்து நேரத்தில் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மரமண்டை இந்த டெல்டாவிலேயே இருக்க முடியாது.

அடுத்த பதினைந்து நாளும் சுத்தியல் ஓயவில்லை. பாய் சரியாகச் சாப்பிடவில்லை. நோசிலை மாற்றினார், செல்ஃப் மோட்டாரை மாற்றினார், எதற்கும் இன்ஜின் அசையவில்லை. அவர் மனைவியை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். "அந்த வண்டி போச்சுன்னா இவங்களும் படுத்துருவாங்க தம்பி" என்று லாத்தா மதில் ஓரம் நின்று சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம். நான்கு வருடம் பொறுத்தவனுக்கு இன்னும் நான்கு மாதம் பொறுக்க என்ன கேடு?

பதினைந்தாம் நாள் அங்கே இருக்கத் தைரியமில்லாமல், உறவினர் வீட்டு விசேஷம் என்று மயிலாடுதுறைக்கு ஓடிவிட்டேன். பந்தியிலிருந்து பாதியில் எழுந்தேன். லாத்தாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல்.

"பாய் எப்படி இருக்காங்க லாத்தா?"

"அவங்க இழுத்துக்கிட்டு இருக்காங்க தம்பி! சனமெல்லாம் கூடிருச்சாம். நல்லபடியா முடிஞ்சாத்தான் எங்களுக்கு நிம்மதி. நீங்களும் வந்து..."

போன் கட்டாகிவிட்டது.

மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பதற்கும் நம் ஊரில் அந்த ஒரே சொல்தானே? பஸ் நிலையத்துக்கு ஓடினேன். என் மனுதான் அவரைக் கொன்றுவிட்டது. 'முடிஞ்சாத்தான் நிம்மதி' என்று சொன்ன லாத்தா மேல்கூட ஆத்திரம் வந்தது. என்ன மனைவி இவர்? முஸ்லிம் வீட்டுத் துக்கத்துக்கு மாலை கொண்டுபோகலாமா என்று யோசிக்கவும் தெம்பில்லை. பெரிய சம்பங்கி மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு நெடுங்காடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

எல்லைக்கு வந்ததும் பஸ் நின்றது. நகரவில்லை. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"காரைக்கால்ல ஒரு வண்டிய எடுத்துட்டுப் போக பெர்மிட்டெல்லாம் போட்டு வந்த இழுவை வண்டி, ரோட்டுக்கு நடுவுல படுத்துருச்சு. எடுக்கவேண்டிய வண்டியே வந்து இத இழுக்குதாம்!"

மாலையோடு இறங்கி ஓடினேன்.

அந்த வண்டிதான். மாப்பிள்ளை காருக்கு வராத அதே வண்டி, அதே டிரைவர். அது நின்றுபோனதும், எங்கள் தெருவில் காத்திருந்த அலுவலகத்துக்காரர் பாயிடமே போய், "உங்க வண்டிய இழுக்க வந்த வண்டி நின்னு போச்சு, அத இழுக்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்ட கோபத்தில் பாய் சாவியை ஒரு திருகு திருகியிருக்கிறார். பதினைந்து நாளாக அசையாத இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இப்போது மதுக்கடை போர்டுக்குக் கீழே பாயின் வண்டி பின்பக்கம் காட்டி நின்றது. மேலே இரண்டு பூனைகள். பாய் கொக்கியைக் கையில் பிடித்திருந்தார். வடம் இருபதடி நீளம். ஓர் அங்குலம்கூட அந்தப் பக்கம் விட மறுத்தார்.

"பாய், நாலடி பின்னால வாங்க!" என்று டிரைவர் கெஞ்சினார்.

"எனக்கு அந்தப் பக்கம் பெர்மிட் இல்லீங்களே. நீங்க தள்ளிக்கிட்டு இங்க வந்துருங்க, நான் இழுக்குறேன்."

பஸ்ஸே காலியாகி வந்து தள்ளியது. நானும் தள்ளினேன். கை வேண்டுமே என்று மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சக்கரம் எல்லையைத் தாண்டியதும் பாய் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"யாருக்குங்க மாலை?"

"வண்டிக்குத்தான் பாய். ஓடுனா போடலாம்னு..."

"வண்டிக்கு யாராச்சும் சம்பங்கி மாலை வாங்குவாங்களா? சொல்லுங்க."

சொல்லுங்க. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாய், அந்த மனு..."

"தெரியும்ங்க. 'வண்டியின் சமாதி'ன்னு எழுத நம்ம தெருவுல வேற யாரு இருக்கா? பதினஞ்சு நாளா உங்களுக்கு மரியாதை குடுத்துக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாச்சும் உறைச்சுதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே பாய்."

"என்னத்தக் கேக்குறது? நாலு வருசம் உங்க வாசலை மறிச்சது நான்தானே. நீங்க கோபப்பட்டது நியாயம். நேர்ல வந்து திட்டியிருந்தா, சரிதாண்டான்னு கேட்டுக்கிட்டிருப்பேன். 'பொதுமக்கள்'னு போட்டீங்க பாருங்க, அதுதான் பொறுக்கல." அவர் குரல் உடைந்தது. "பக்கத்து வீட்டுக்காரரு நீங்க எப்பங்க பொதுமக்கள் ஆனீங்க?"

நடுரோட்டில், மாலையும் கழுத்துமாக, பஸ் ஜனம் முழுக்கப் பார்க்க அழுதேன். லாத்தா போனில் சொன்னதையும் நான் புரிந்துகொண்டதையும் திக்கித் திணறிச் சொன்னேன். பாய் என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, தூக்கும் கையில் மாட்டினார். பூனை ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என் மௌத்துக்கு மாலை வாங்கிட்டு வந்தவனை பஸ்ஸுலயா அனுப்புறது?" கதவைத் திறந்துவிட்டார். "ஏறுடா."

ஏறினேன்.

இழுத்து வந்த வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கேட்டை முழுசாகத் திறந்தோம். நான்கு வருடம் குளித்துக்கொண்டு மட்டுமே இருந்த என் புதுக் கார் கிளம்பவில்லை. பாய் கொக்கியை மாட்டினார். வழியெல்லாம் வார்த்தைக்கு ஒரு 'டா' போட்டு என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பட்டறை நெருங்கியதும், கொஞ்சம் சுற்றி, கடற்கரைப் பக்கமாகப் போகலாமா பாய் என்று கேட்டேன்.