பாவம் பார்க்கும் கைக்குட்டை

அந்த டிசம்பரில் மர்பி டவுனில் யார் பாவி, யார் புண்ணியவான் என்று தெரிந்துகொள்வது மிகச் சுலபமாகிவிட்டது. புதிதாகக் கொட்டகை போட்டிருந்த பரிமள சாமி தரும் நீலக் கைக்குட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொள்ள வேண்டும். புண்ணியவான் என்றால் துணி வெளுக்கும். கசக்கினால் மல்லிகை மணக்கும். பாவி என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். சித்ரகுப்தனுக்கு வேலை போயிற்று! சாமியின் கொட்டகை வரிசை மார்க்கெட்வரை நீண்டது.

கல்யாணம் பேசி முடித்திருந்த வீணாவின் கையில் மட்டும் துணி வெளுக்கவில்லை.

"பொண்ணுக்கு தோஷம். யாகம் பண்ணாம தாலி ஏறினா மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது" என்றார் சாமி. தலையணைக்கடியில் வைக்க ஒரு துணியும் கொடுத்தார்.

வருங்கால மாமியார் ஜெயலட்சுமி கல்யாணப் பேச்சையே நிறுத்தினாள். கம்ப்யூட்டரின் தப்பையெல்லாம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை கவியரசன், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் செருப்பைப் பார்த்தான்.

வீணா அழுதுகொண்டே வேலைக்குப் போனாள். வேலை ஐஸ்கிரீம் பார்லரில். குளிர்பெட்டிக்குள் விட்ட கை விறைத்தபோது சட்டென்று பொறி தட்டியது. அன்றைக்கும் இந்த விறைத்த கையோடுதானே சாமியிடம் போனோம்? தலையணைக்குப் போகாமல் பையிலேயே கிடந்த சாமியின் துணியை எடுத்துச் சூடான டீ கிளாஸில் சுற்றினாள். வெளுத்தது! அவள் போட்ட சிரிப்பில் ஒரு வாடிக்கையாளரின் கோன் கீழே விழுந்தது.

துணி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழி மமதாவுக்குப் போன் செய்தாள்.

"அய்யோ, இதா? டீ-ஷர்ட்டுக்கு நாங்களே போடறோமே! பருத்தித் துணி மேல தூசி மாதிரி குட்டிக் குட்டி உறைங்க இருக்கும். சிலதுல சூடு பட்டா மறையற சாயம். சிலதுல வாசனை எண்ணெய், கசக்கினா உடையும். அஷ்டே, அவ்வளவுதான்!"

சாமியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வீணா ஒரு கையில் ஐஸ் வாளியும் மறு கையில் சூடான டீ கிளாஸுமாக நுழைந்தாள்.

"சாமி, ஐஸ் தண்ணியில கை நனைச்சுட்டு நீங்க துணியைப் பிடிங்க. உங்க புண்ணியத்தைக் கண்ணால பாக்கறோம்."

"சாமிக்கே சோதனையா?" என்று முறைத்தார் சாமி.

"பிடிங்க குரு! புண்ணியம் என்ன ஐஸ்ல கரைஞ்சா போயிடும்?" என்றார் ஓர் ஆட்டோக்காரர். கூட்டம் விசிலடித்தது.

சாமி வேறு வழியில்லாமல் கை நனைத்தார். துணியைப் பொத்தினார். நீலம். ஊதினார். நீலம். கசக்கினார். மல்லிகை மணந்தது, ஆனாலும் நீலம்தான்!

வீணா இன்னொரு துணியை எடுத்து டீ கிளாஸில் சுற்றினாள். பளீர் வெள்ளை.

"டீ கிளாஸ் எந்த ஜென்மத்துல தவம் பண்ணுச்சு, சாமி?"

சாமி தட்டியைப் பிரித்துக்கொண்டு ஓடினார். ஆட்டோக்காரர் துரத்திப் பிடித்து ஸ்டேஷனுக்கே இலவச சவாரி கொடுத்தார்.

மகனோடு கூட்டத்தில் நின்றிருந்த ஜெயலட்சுமி அசடு வழிந்தாள். "வைகாசியில முகூர்த்தம் வச்சுக்கலாமாம்மா?"

"வச்சுக்கலாம் அத்தை. உங்க பையன் வாயைத் திறக்கட்டும்."

"தப்பு என்னுதுதான், வீணா. அன்னிக்கே பேசியிருக்கணும்!" என்று கவியரசன் கத்தியது தெருமுனைவரை கேட்டது. வீணா சிரித்துவிட்டாள்.

அதற்குள் ஓர் அம்மாள் பயபக்தியோடு அந்த டீ கிளாஸுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வீணா பூவை எடுத்துப் போட்டுவிட்டு டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

"கும்பிடறதுக்குக் கை ரெண்டு இருக்கும்மா. யோசிக்கறதுக்குத் தலை ஒண்ணுதான். அதையாவது அடுத்தவன்கிட்ட குடுக்காம வச்சுக்கோங்க!"