ஜன்னல் வைத்த வீடு

"இந்த வீட்டுல யாரும் காதலிக்க மாட்டாங்க சார்," என்றார் இயக்குநர்.

ஆணியாரின் வாயிலிருந்த ஆணி கீழே விழுந்தது. படங்களுக்கு வீடு, கோட்டை, கோர்ட் எல்லாம் பலகையிலும் அட்டையிலும் கட்டித் தருகிறவர் அவர். எந்நேரமும் பல்லிடுக்கில் ஒரு ஆணி இருப்பதால் அந்தப் பெயர்.

காதல் படத்தில் கதாநாயகனைவிட வீட்டுக்குத்தான் வேலை அதிகம். அவன் அதன் வாசலில் தவம் கிடக்க வேண்டும். இடைவேளைக்கு முன்னால் கதவு அவன் முகத்தில் சாத்தப்பட வேண்டும். கடைசியில் இருவரும் அதே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் ஆணியார் கட்டியிருந்தார். வெள்ளைத் திரைச்சீலை, ஜோடிக் கோப்பைகள், அவள் அடுப்பருகே நிற்பதை அவன் தோட்டத்திலிருந்து பார்க்கத் தோதாகச் சமையலறையில் ஒரு பெரிய ஜன்னல். கேமராவுக்காக ஒரு பக்கச் சுவர் மட்டும் கிடையாது.

"ஜன்னல் பிரமாதம். மத்ததெல்லாம் ஃபர்னிச்சர் கடை மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை ஹீரோயின் வர்றாங்க. அதுக்குள்ள இது வீடாகலைன்னா, தப்பா நினைச்சுக்காதீங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

ஏற்கெனவே கைக்கு வந்த படங்கள் நழுவிக்கொண்டிருந்த நேரம். இதுவும் போனால் ஆணியார் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். அவள் புழுக்கமான சமையலறையிலிருந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"புதுச் சாமான்ல எங்கேங்க வீடு தெரியும்? நம்ம நாற்காலியை வேணா எடுத்துட்டுப் போங்க."

ஒரு கால் ஆடும் நாற்காலி. கயிறு கட்டி அடக்கி வைத்திருந்தார்கள்.

"அந்த ஜன்னல் நல்லா வந்திருக்கா?"

"அதைத்தான் பிரமாதம்னார்."

"நமக்கும் ஒண்ணு வைக்கறேன்னு சொன்னீங்க. கல்யாணமான புதுசுல."

"இந்தப் படம் முடியட்டும்."

எந்தப் படம் என்று கேட்பதை அவள் விட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

நாற்காலியைக் கண்டதும் இயக்குநரின் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"நாற்காலி சரி. இப்ப அது பக்கத்துல மேஜைதான் பல்லை இளிக்குது."

ஆணியார் தன் வீட்டு மேஜையைக் கொண்டுவந்தார். மேஜை வந்ததும் அலமாரி உறுத்தியது. அலமாரியை மாற்றினால் திரைச்சீலை ஒட்டவில்லை. சாமான் ஒவ்வொன்றாக வேனில் ஏறியது. மெத்தை ஏறியபோது மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"எங்கேங்க படுக்கறது?"

"பாயிருக்கே. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கறேன். ஜன்னல்ல காத்து வருதா?"

"ஆளையே தூக்குது," என்றார் ஆணியார், தொழில் பெருமையில். "அடுப்பையும் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க."

அவள் அதைச் சொன்ன அமைதிக்கு வேறு எந்தப் புருஷனும் பயந்திருப்பான். ஆணியாருக்குப் பயப்பட நேரமில்லை.

வியாழக்கிழமை இயக்குநர் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் சரி. ஆனா வீட்டுல ஆள் இல்ல சார்."

ஆணியார் ஈரத்துண்டு ஒன்றை நாற்காலியில் போட்டுக் காட்டினார்.

"வேணும்னே போட்ட துண்டு."

தரையில் செய்தித்தாளை இறைத்துக் காட்டினார்.

"இது வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆணியார் பழைய சாமான் கடைகளுக்கு ஓடினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வேலை போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினால், செட்டு வாசலில் செருப்பும் ஷூவும் வரிசையாகக் கிடந்தன. மொத்த யூனிட்டும் வெறுங்காலோடு நின்றது. இயக்குநர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி சார் பண்ணினீங்க? உள்ள நுழையவே கூச்சமா இருக்கு. இப்படி ஒரு வீடு கிடைச்சா நிஜமாவே கல்யாணம் பண்ணிக்குவேன்னு ஹீரோயின் சொல்லிட்டாங்க. வாட்ச்மேன்கூட செருப்பைக் கழட்டிட்டுப் போங்கறார். அவருக்கே இது வீடுன்னு தோணிருக்கு, பாருங்க. அடுத்த படமும் நீங்கதான்."

ஆணியார் எட்டிப் பார்த்தார். கொடியில் துவைத்த துணி சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு மேடையில் பாதி நறுக்கிய வெங்காயம், பாதி குடித்த தேநீர். அந்த ஈரத்துண்டு உலர்ந்து மடிக்கப்பட்டிருந்தது. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. தான் கட்டிய வீடு இவ்வளவு அழகு என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் யோசிச்சேன் சார்," என்றார் அடக்கமாக.

இயக்குநர் நகர்ந்ததும், செருப்புகளை நேராக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "காலையில நம்ம பசங்கள்ல யாருப்பா வந்து இதையெல்லாம் பண்ணினது?"

"பசங்க யாரும் வரலியே சார். உங்க வீட்டம்மாதான் பெட்டியோட வந்து, குடிவந்துட்டேன்னாங்க. இப்பதான் உப்பு வாங்கப் போனாங்க. 'ஒரு பக்கம் சுவரே இல்லையேம்மா'ன்னு சொன்னேன். 'பரவாயில்ல, ஜன்னல் இருக்கு'ன்னாங்க."