அலசாத நூல்

மேடையேறினால் என்னை, "ரத்தம் சிந்தி முன்னுக்கு வந்த வீராங்கனை" என்று அறிமுகப்படுத்துவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக் கை தட்டுவார்கள். அடக்கமாவது மண்ணாவது! முதல் போட்டியில் நான் சிந்தியது ரத்தமே இல்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம். ஆரணியில் குத்துச்சண்டை பழகிய ஒரே பெண் நான். (பழகினது பசங்களோடதான். முதல் மாசம் என்னை அடிக்கக் கூச்சப்பட்டாங்க. அடுத்த மாசம் என்கிட்ட அடி வாங்கினதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டாங்க.) அம்மாவுக்குத் தறி, அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ஜெயிச்சா மேல ஆடு. தோத்தா இந்தப் பேஜாரே வேணாம், அம்மாகூட தறியில உக்காரு."

சிக்கல் தலைக்கவசத்தில் வந்தது. பயிற்சிக் கூடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஆண்கள் அளவு. மாட்டினால் கண்ணை மறைத்து மூக்கில் வந்து உட்காரும். புத்திசாலி நான், புறப்படும் அவசரத்தில், சாயப்பட்டறைக் கொடியில் காய்ந்த அரக்குச் சிவப்பு நூலில் ஒரு கத்தையை உருவிக் கவசத்துக்குள் அடைத்தேன். கச்சிதம்! சாயம் போட்ட நூலை அலசினால்தான் மிச்சச் சாயம் போகும், இதை இன்னும் அலசவில்லை என்பது சாயக்காரர் மகளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் ரவுண்டு எனக்குத்தான். இரண்டாவதில் வேர்த்துக் கொட்டியது. நெற்றியிலிருந்து என்னவோ வழிந்தது. எதிரே நின்ற செய்யாறு பெண் கையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"ஐயோ அக்கா! நான் இன்னும் உங்கள அடிக்கவே இல்லியே!"

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். டாக்டர் ஓடி வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் கொஞ்சம் தள்ளாடினேன். (லேசா வலிக்கவும் வலிச்சது, சத்தியமா!) அப்போது கூட்டத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க! அது ரத்தம் இல்லீங்க, அரக்கு! காலையிலேர்ந்து நான் தேடிகினு இருந்த நூலு!"

டாக்டர் கவசத்தைக் கழற்றி நூலை இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அரங்கமே உருண்டு சிரித்தது. நடுவர் எச்சரித்துவிட்டு, நூல் இல்லாமல் ஆடச் சொன்னார். கவசம் மூக்குக்கு இறங்கியது. மிச்ச நேரம் நான் குத்தியது பெரும்பாலும் காற்றை. ஒரே ஒரு முறை நடுவரை. பயம் தெளிந்த செய்யாறு பெண் என்னை நிதானமாகப் பின்னி எடுத்தாள்.

தோற்றேன். திரும்பும் பஸ்ஸில் சிவந்த முகத்தோடு தேம்பிக்கொண்டே வந்தேன். என் கதை தறியோடு முடிந்தது என்றே நினைத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். போளூர் தாண்டியதும் அவர் தோள் குலுங்கியது. பார்த்தால், மனுஷர் சிரித்துக்கொண்டிருக்கிறார்!

"முதல் ரவுண்டுல இன்னா குத்து குத்தின, அடேங்கப்பா!" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தபா, அலசின நூலா எடுத்துக்கோ."

ஒரு வாரம் நெற்றியில் சாயம் போகவில்லை. பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பதக்கம். இன்று நானே பயிற்சியாளர். என்னிடம் வரும் பெண்களுக்கு அவரவர் தலைக்கு அளவான கவசம் உண்டு. ஆனாலும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், எங்கள் வீட்டில் ஒருத்தரும் "ஜெயிச்சிட்டு வா" என்று வாழ்த்துவதில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் கத்துவாள்:

"ஏண்டி, அலசின நூல்தானே?"