ஜீப்பை விடச் சொல்ல வந்தவன் வாய் திறக்காத காரணம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்

அன்புள்ள ஹமீதுன்னிசா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், என் மகள் வஜீஹா, தையல் மிஷின் மூவரும் நலம். பெங்களூரில் உங்கள் நலமும் மச்சானின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

போன வாரம் சம்பந்தம் பேச உங்கள் வீட்டுக்கு வந்த தம்பி, பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வாயே திறக்காமல் ஊர் திரும்பிவிட்டானே என்று நீங்கள் கோபமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நியாயம்தான். "பெண் ஏர்போர்ட்டில் ஜீப் ஓட்டுவதை விட்டால் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம்" என்று மாப்பிள்ளைப் பையன் யாசிரின் அம்மா சொன்னதற்குச் சரி சொல்லத்தான் விமானம் ஏறினேன். ஏறிய பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

வஜீஹாவின் வேலை, தரையில் வழி தெரியாமல் நிற்கிற விமானத்துக்கு முன்னால் ஜீப்பில் போய் அதைக் கூட்டிக்கொண்டு வருவது. விமானம் ஊர்ந்து போகிற பாதைக்கு டாக்ஸிவே என்று பெயராம். ஒரு டாக்ஸிகூட இல்லாத இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் இவளுக்கும் தெரியவில்லை. தெருப் பெயர் கிடையாது, பலகையில் வெறும் எழுத்துதான். "கறுப்புப் பலகைன்னா நாம நிக்கிற இடம் அத்தா. மஞ்சள்னா திரும்புற வழி. சிவப்பைப் பார்த்தா நின்னுடணும், அப்பால ரன்வே" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வாள். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் பலகைகளே புரியாத எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. விமானத்தில் ஜன்னல் சீட்டு கிடைத்ததும், மற்றவர்கள் பெல்ட்டைத் தேட, நான் பலகைகளைத் தேடினேன்.

நல்ல மழை. ஓரிடத்தில் கறுப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு, அம்புக்குறிகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நின்றன. எந்த அம்பு எந்த எழுத்துக்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் விமானம் திரும்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய்க் குலுங்கி நின்றது. ஜன்னலில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தால், சற்று முன்னால் சிவப்புப் பலகை.

"வழி மாறிட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் மாட வீதிக்காரர் ஒருவர், ஸ்ரீகிருஷ்ணா என்று பெயர், திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன சொல்றேள்? நீங்க பைலட்டா?"

"இல்லைங்க, பிளவுஸ் டெய்லர்."

அவர் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பின்சீட்டு அம்மா, "அந்தச் செவப்பைத் தாண்டினா இன்னா ஆவும் நைனா?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாயெடுத்தபோது, எங்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு பெரிய விமானம் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு தரையிறங்கி ஓடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மாவுக்கு அதுவே பதில்.

வழியைச் சரிபார்க்கிறோம் என்று பைலட் அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளிருந்து மஞ்சள் ஜீப் ஒன்று வந்தது. ஆரஞ்சு அங்கி, தொப்பி, ஓட்டுவது பெண். "என் மகள்! என் மகள்!" என்று ஜன்னலைத் தட்டினேன். அத்தனை பெரிய விமானம் ஆட்டுக்குட்டி போல அவள் பின்னால் திரும்பியது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஸ்ரீகிருஷ்ணா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்னா வளர்த்திருக்கேள்" என்றார். இதற்கு அப்புறம் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, அவள் ஜீப்பை விட்டுவிடுவாள் என்று எந்த வாயால் சொல்வேன்? விடமாட்டாள். யாசிர் வீட்டாருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். பிடித்தால் வரட்டும்.

மச்சானுக்கு என் சலாம். பிள்ளைகள் எல்லோரும் நீடூழி நலமாக இருக்க என் துஆ.

இப்படிக்கு,
உங்கள் தம்பி உமர் ஃபாரூக்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் வஜீஹா இதை வாங்கிப் படித்தாள். அன்றைக்கு அவள் சரக்கு விமானங்கள் பக்கம் இருந்தாளாம். எங்களைக் கூட்டிப்போனது அவள் தோழி காவேரியாம். "யாரோ ஒருத்தர் ஜன்னலை ஒடைக்கிற மாதிரி தட்டிக்கினு இருந்தாருன்னு கேன்டீன்ல சொல்லிச் சிரிச்சா. அது நீங்கதானா அத்தா?" என்கிறாள். திருப்பி எழுதக் காகிதம் இல்லை. 'என் மகள்' என்று வரும் இடத்தில் 'யாரோ பெற்ற மகள்' என்று வாசித்துக்கொள்ளுங்கள். முடிவில் மாற்றமில்லை.