உப்பு மனையும் நாற்பத்தொரு கேள்விகளும்

மரக்காணம்
9.7.2006

பிரியமுள்ள தம்பி மார்ட்டினுக்கு,

அண்ணன் இராயப்பன், அண்ணி லூர்துமேரி இருவரும் ஆண்டவர் கிருபையால் நலம். பிலாயில் நீயும் ஜான்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு ஞாயிறு பூசையிலும் வேண்டிக்கொள்கிறோம். ஜான்சியின் முதுகுவலி குறைந்ததா என்று மறக்காமல் எழுதவும்.

நீ போனில், "அண்ணே, அப்பா வீட்ட வித்துப் பிரிஞ்சு பத்தொம்போது வருஷம் ஆச்சு. ரெண்டு பேருமா ஒரு மனை வாங்கி, பக்கத்துல பக்கத்துல ரெண்டு வீடு கட்டினா என்னா ஆவும்னு விசாரிச்சு சொல்லு" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டாய். நீ கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் தேடி ஐந்து வாரத்தில் நான் நாற்பத்தொரு பேரைக் கேட்டுவிட்டேன். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவனிடம் ஒரு விஷயத்தை விசாரிக்கச் சொன்னால் சும்மா விடுவானா? பென்ஷன் வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை இது.

முதலில் மனை. உப்பளத்துக்கு மேற்கே ஒரு லேஅவுட் போட்டிருக்கிறார்கள். தரகர் சிங்காரம் தன் டிவிஎஸ் ஃபிப்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப்போனார். முழு மனை இரண்டாயிரத்து நானூறு சதுர அடி, விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம், போன வருஷம் இதில் பாதிதானாம். ஏன் ஏறியது என்று கேட்டேன். "ஈசிஆர் ரோடு சார்" என்றார். ரோடு போன வருஷமும் இருந்ததே என்றேன். "இருந்துச்சு சார், ஆனா போன வருஷம் சுனாமி பயமும் சேர்ந்து இருந்துச்சு. இப்ப ரோடு மட்டும் இருக்குது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பிறகு, "இங்க நின்னா கடல் தெரியும் சார்" என்றார். நின்றேன். கிழக்கே உப்புக் குவியல்களும் தென்னங்கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரமும் தெரிந்தன. கடல் எங்கே என்றேன். "கீழ நின்னா எப்பிடி சார் தெரியும்? மாடி கட்டுங்க, தெரியும்" என்றார். ஆக, கடல் பார்க்க மட்டும் ஒரு லட்சம் தனியாக வேண்டும். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது தண்ணீர். மனைக்குப் பக்கத்து வீட்டில் சாலம்மாள் என்று ஒரு அம்மா, உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவர் வீட்டுக் கைப்பம்பில் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, "உப்பா இருக்குதேம்மா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொறந்ததுலேருந்து இதத்தான் குடிக்கிறோம். உப்பா இருக்குதுன்னு வெளியூர்க்காரங்க சொன்னாத்தான் எங்களுக்கே தெரியுது" என்றார். சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அடுப்படி ஜன்னலில் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து நம் பங்குச் சாமியார் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் லூர்துமேரி அவசரத்தில் அந்தப் பாட்டிலை எடுத்து ரசத்தில் ஊற்றி, வழக்கமான உப்பையும் போட்டுவிட்டாள். சாமியார் நல்ல மனுஷர், முகம் சுளிக்கவில்லை. "ரசம் பிரமாதம்மா" என்று சொல்லிவிட்டு ஏழு டம்ளர் தண்ணீர் குடித்தார். எட்டாவது டம்ளர் கேட்டபோதுதான் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்றாவது கட்டடம். அர்ச்சுனன் என்ற மேஸ்திரியை மனைக்கே கூட்டிப்போனேன். மனையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஐந்தரை லட்சம் என்றார். கடக்கால் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "ரெண்டடி தோண்டினாலே தண்ணி வரும் சார், மேட்டாத்தான் கட்டணும், கிளியனூர் பக்கத்துலேருந்து செம்மண் அடிக்கணும்" என்று ஐம்பதாயிரம் ஏற்றினார். கான்கிரீட் கலக்க இந்தத் தண்ணீர் ஆகுமா என்றேன். "ஆவாது, கம்பி துரு புடிச்சிடும். டேங்கர்ல நல்ல தண்ணி வரணும்" என்று இன்னும் முப்பதாயிரம். ஜன்னல் கம்பி தாங்குமா என்றேன். அதற்கு மரச்சட்டம் என்று இருபதாயிரம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் வீட்டின் விலை ஏறுவது வேடிக்கையாக இருந்ததால் மேலும் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், இன்னும் ஒரு கேள்வி கேட்டீங்கன்னா ஏழு லட்சம் தாண்டிடும். பேசாம இருந்தீங்கன்னா அஞ்சரைலயே முடிச்சிக் குடுத்துடுறேன்" என்றார். ஏழு லட்சத்துக்குக் கட்டுவதும் ஐந்தரை லட்சத்துக்குக் கட்டுவதும் ஒரே வீடுதானா என்று கேட்டேன். ஏழு லட்சம் தாண்டிவிட்டது.

அவர் துரு என்று சொன்னதை அப்படியே நம்பாமல் இரண்டு புது ஆணி வாங்கி, ஒன்றை வீட்டு அலமாரியிலும் ஒன்றை மனையின் எல்லைக்கல் மேலும் வைத்தேன். பத்து நாள் கழித்துப் போனால் எல்லைக்கல்லில் இருந்த ஆணி செம்மண் நிறத்தில் இருந்தது. அலமாரியில் வைத்த ஆணியை லூர்துமேரி காலண்டர் மாட்ட அடித்துவிட்டாள். ஆகவே ஒப்பிட முடியவில்லை. ஆனாலும் மேஸ்திரி பொய் சொல்லவில்லை.

இப்போது முடிவுக்கு வருகிறேன். மனை, பத்திரச் செலவு, வீடு எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம், ஆளுக்கு நாலரை. என் பங்கை பேங்கில் போட்டாலே மாதம் இரண்டாயிரத்து அறுநூறு வட்டி வரும். இங்கே நான் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை தொள்ளாயிரம். உனக்கும் இதே தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து, மீதியில் வாரம் இரண்டு நாள் வஞ்சிரம் வாங்கலாம். துருவும் இல்லை, டேங்கரும் இல்லை. ஆகவே தம்பி, மனை வேண்டாம், வீடு வேண்டாம். நீ பத்து காசுகூட அனுப்ப வேண்டாம். இதை எழுத எனக்கும் வருத்தம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஜான்சிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அன்பு அண்ணன்
ம. இராயப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். மூன்று நாள் முன்னால் இதை ஒட்டிவிட்டு, வேண்டாம் என்று சிங்காரத்திடம் நேரில் சொல்லிவிடலாம் என்று மனைக்குப் போனேன். அங்கே ஒரு கார் நின்றது. சென்னைக்காரர் ஒருவர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அவர் சாலம்மாள் வீட்டுப் பக்கம் கை காட்டி, "இங்க காம்பவுண்டு பத்தடி ஏத்திடலாம்" என்றார். அப்போது, "சார், கொஞ்சம் நகருங்க, இது எங்க மனை. நானும் எந்தம்பியும் கட்டப்போறோம்" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என் குரல். சிங்காரம் என்னைப் பார்த்தார், நான் சிங்காரத்தைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், விளங்கவில்லை. லூர்துமேரி திட்டுவாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "ஜான்சி வூட்டு வாசலும் நம்ம வாசலும் எதிருக்கெதிராவா, ஒரே பக்கம் பாத்தாப்புலயா?" என்று கேட்டாள். நாற்பத்தொரு பேரிடம் விசாரித்தவனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை பார். ஜான்சியைக் கேட்டு உடனே எழுது.