மயில்கழுத்து நீலத்தில் பரந்தாமன்

ஒரு வீட்டில் ஒரு தலைதான் சுவரில் தொங்க வேண்டும், அதுவும் வீட்டுக்காரனுடைய தலையாக இருக்க வேண்டும் என்று தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடி குவார்ட்டர்ஸ் பரந்தாமன் முடிவு கட்டினார்.

கோபம் நியாயமானதுதான். ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அன்று வீட்டுக்கு வந்தார். ஹாலுக்குள் கால் வைத்ததும் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்று ஒரு கும்பிடு போட்டார். பிறகு காபி டம்ளரோடு நின்ற பரந்தாமனிடம், "நீங்க?" என்று கேட்டார்.

சுவரில் இருந்தது மாமனார் துலுக்கானம். ரிடையர்டு ஹெட் கான்ஸ்டபிள். யூனிஃபாரம், முறுக்கு மீசை, பின்னால் செக்கச்செவேல் என்று பேக்ரவுண்டு. ஆள் அரக்கோணத்தில் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறார். அவருக்கு இந்தச் சுவரில் என்ன வேலை? குவார்ட்டர்ஸ் அலாட் ஆனது யார் பேரில்?

"இனிமே இந்த ஹால்ல என் படம்தான்!" என்று பரந்தாமன் போட்ட சத்தத்துக்கு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி வசந்தகுமாரி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மாட்டுங்களேன். யாரு வேணாம்னா?"

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்கு அதுவே அவமானமாக இருந்தது.

"ஆனா உங்க போட்டோவுல பேக்ரவுண்டு கழனித்தண்ணி கலர்ல கீது. அப்படியே மாட்டுனா எடுபடாது. பூந்தமல்லில கலீல் பாய் ஸ்டுடியோல கம்ப்யூட்டர் வாங்கி வச்சிகிறாராம். எடுப்பா ஒரு கலர் போட்டு வாங்கிகினு வாங்க."

கலீல் ரகுமான் போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, மவுஸைப் பிடித்து, பரந்தாமன் தலையைச் சுற்றிக் கோடு போட்டார். நடுவில் கை நழுவி இடது காது நீலமானது.

"பாய்! காது!"

"பதறாதீங்கண்ணே. ஒரே தட்டு, திரும்பி வந்துரும். மயில்கழுத்து நீலம் புடிச்சிருக்கா?"

"இன்னும் ஏத்து."

"ஏத்திட்டேன்."

"இன்னும்! மாமனாரு சிவப்பு. அதை அமுக்கணும்."

"இதுக்கு மேல ஏத்துனா பாக்கறவன் கலரைத்தான் பாப்பான். மூஞ்சியப் பாக்க மாட்டான்ணே."

"என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்? ஏத்து பாய்!"

பெரிய சைஸில் பிரேம் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சுவரோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். வசந்தகுமாரி கன்னத்தில் கை வைத்தாள்.

"ராஜா மாதிரி கீறீங்க!"

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் முதல் தடவை. பரந்தாமன் பிரேமை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தார்.

"ஆனா..."

"இன்னா ஆனா?"

"போட்டோவுக்குள்ள பேக்ரவுண்டு மாத்திட்டீங்க. போட்டோவுக்கே பேக்ரவுண்டு இந்தச் சுவருதானே? பாருங்க, எப்படிக் கரி புடிச்சிகினு கீதுன்னு."

பார்த்தார். அந்த நீலத்துக்குப் பக்கத்தில் சுவர் அடுப்படி மாதிரிதான் இருந்தது. நாலு பொங்கலாக அவள் பெயிண்ட் பெயிண்ட் என்று கரடியாய்க் கத்தியிருக்கிறாள். "கவர்மென்ட் சுவரு, கவர்மென்ட் அடிக்கும்" என்று நாலு பொங்கலும் இவர் தட்டிக் கழித்திருக்கிறார். இப்போது அவரே கொதித்தார்.

"இந்த அழுக்குலயா என்னை மாட்டறது? நாளைக்கே அடிக்கறேன்!"

லீவு போட்டு அடித்தார். மாமனாரைத் தன் கையாலேயே கழற்றி, மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததில் ஒரு தனி ஆனந்தம். சுரண்டினார். வசந்தகுமாரி விரல் காட்டிய ஓட்டைகளையெல்லாம் அடைத்தார். வேண்டாத ஆணிகளையெல்லாம் பிடுங்கினார். கலர் அவள் சொன்ன கலர். மூன்றாம் நாள் ஹால் கல்யாண மண்டபமாக மின்னியது. முதுகு நிமிரவில்லை. அப்படியும் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

"இன்னா பண்றீங்க? அது அப்பா ஆணி."

"அப்ப வேற அடிக்கறேன்."

"இப்பத்தான் பூசுன சுவத்துலயா? பொளந்துகினு கொட்டும். மூணு நாள் வேலை."

"அப்ப இதுலதான் மாட்டுவேன்! ஒங்கப்பனைக் கொண்டுபோய்ப் பரண்ல போடு!"

"போட்டுரலாம். ஆனா அவுரு இன்னும் அரைமணில இங்க இருப்பாரே."

"யாரு?"

"அப்பாதான். மாப்ள தன் கையாலயே ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சி உங்க படத்தை மாட்டப் போறாருன்னு பக்கத்து குவார்ட்டர்ஸ் கங்காதரன் ஊட்டு போன்ல சொன்னேன். மனுஷன் அழுதுட்டாரு. அரக்கோணம் வண்டில வந்துகினு கீறாரு."

பரந்தாமன் ஸ்டூலிலேயே நின்றார். கோபம் தலைக்கு ஏறியது. அங்கிருந்து எங்கே போவதென்று அதற்கும் தெரியவில்லை.

"அப்ப நான்? என் படம்?"

"நீங்கதான் முழு ஆளா ஊட்டுலயே கீறீங்களே. உங்களுக்கு எதுக்குங்க படம்?" என்றபடி அவர் கையிலிருந்த நீலத்தை வாங்கிக்கொண்டு, சிவப்பைத் தூக்கிக் கொடுத்தாள்.

மாட்டினார்.

"கொஞ்சம் சாஞ்சாப்ல கீறாரு பாருங்க."

பரந்தாமன் மாமனாரை நிமிர்த்தி வைத்து, வேட்டி நுனியால் கண்ணாடியையும் துடைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.